12ஆ, 20ஆ: வீட்டுக் காவலுக்கு எந்த ஷாட்கன்?

வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு ஷாட்கன் வாங்கலாம் என்று முடிவான பிறகு (உரிமம், சட்டம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இந்தப் பேச்சே வேண்டாம்) யாரைக் கேட்டாலும் அனேகமாக ஒரே பதில்தான் வரும்: "12 பயங்கரமா உதைக்கும், பேசாம 20 எடுத்துடு." (12, 20 என்பவை குழல் துளையின் அளவைச் சொல்லும் கேஜ் எண்கள்.) நான் 12 எடுத்தேன். 12க்குப் பலம் அதிகம் என்பதால் எடுக்கவில்லை. அறைக்குள் நாலைந்து மீட்டர் தூரத்தில் இரண்டுமே தேவைக்கு மேல்தான். உதையைக் குறைக்கத்தான் 12 எடுத்தேன். கேட்க முரணாக இருக்கும், கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை.

தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு வரி. ஒரு பவுண்டு ஈயத்தை ஒரே அளவான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் பருமன் எவ்வளவோ அதுதான் 12 கேஜ் குழலின் உள்விட்டம், அதனால் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். 12க்குச் சுமார் 18.5 மி.மீ., 20க்குச் சுமார் 15.6 மி.மீ. .410 என்ற சின்ன அளவு மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது அங்குலத்திலேயே சொல்லப்படும் விட்டம்.

சரி, உதைக்கு வருவோம். தோளில் விழும் உதையைத் துளையின் அளவு தீர்மானிப்பதில்லை. முன்பக்கம் எவ்வளவு எடை எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது, பின்னால் இருக்கும் துப்பாக்கி எவ்வளவு கனம், இவ்வளவுதான் விஷயம். இப்போது தோட்டாவை எடுத்துப் பாருங்கள். பெரிய குண்டுகள் போட்டதை பக்‌ஷாட் என்பார்கள்; டபுள் ஆட், நம்பர் 3 எல்லாம் குண்டின் அளவுப் பெயர்கள். 12க்கான வழக்கமான டபுள் ஆட் பக்‌ஷாட்டில் 8.4 மி.மீ. குண்டுகள் ஒன்பது, மொத்தம் சுமார் 31 கிராம், வேகம் வினாடிக்கு 1,325 அடி வாக்கில். 20இல் பரவலாகக் கிடைப்பது நம்பர் 3 பக்‌ஷாட், 6.35 மி.மீ. குண்டுகள் இருபது, அது சுமார் 30 கிராம், 1,200 அடி வாக்கில். எடையில் ஒரு கிராம்தான் வித்தியாசம்! வேகம் கொஞ்சம் குறைவு என்பதால் ஒரே கனமுள்ள துப்பாக்கியில் 20 மென்மையாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 20 கேஜ் துப்பாக்கிகள் பெரும்பாலும் இலகுவாகச் செய்யப்படுகின்றன, கனம் குறைந்த துப்பாக்கி அதே தள்ளலுக்கு அதிக வேகத்தில் பின்னால் வரும், ஆக மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது. "20 சும்மா பூ மாதிரி இருந்தது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 25 கிராம் ரவை (பொடிக் குண்டு) போட்ட பயிற்சித் தோட்டாவைச் சுட்டுவிட்டுச் சொல்கிறார்கள். வீட்டில் போட்டு வைக்கப்போவது அதுவல்லவே.

12இல் என்ன வசதி என்றால், உதை குறைத்த பக்‌ஷாட் என்றே ஒரு வகை இருக்கிறது. எட்டு அல்லது ஒன்பது குண்டு, வேகம் 1,150 அடிப் பக்கம். எட்டுக் குண்டு வகையில் எடை 28 கிராம்தான் வரும், அதாவது மேலே சொன்ன 20 கேஜ் தோட்டாவைவிட எடையும் குறைவு, வேகமும் குறைவு. அதைக் கனமான 12இலிருந்து சுடும்போது, இலகுவான 20இல் முழு பக்‌ஷாட் போட்டுச் சுடுவதைவிடத் தோள் நிம்மதியாக இருக்கும். அப்புறம் சிதறலை இறுக்கிப் பிடிக்கும் வாட் (குண்டுகளைத் தாங்கும் கோப்பை) வைத்த தோட்டாக்கள், நடுத்தரக் குண்டுகள், ஸ்லக் (ஒற்றைப் பெரிய குண்டு) என்று வகைகளும் 12க்குத்தான் அதிகம். 20இல் தேர்வு இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு வகை ஒத்துவரவில்லை என்றால் அடுத்ததைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு தோட்டாவை வேறு மாதிரி சிதறவிடும் என்பதால் மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி சின்ன விஷயமே இல்லை, நான் 12 பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஒரு எச்சரிக்கை. உதை குறைத்த தோட்டா சில தானியங்கி ஷாட்கன்களில், அதிலும் உதையின் விசையையே நம்பி இயங்குகிற வகையில், அடுத்த தோட்டாவை ஏற்றாமல் சண்டித்தனம் செய்யலாம். பம்ப் வகைக்கு அந்தக் கவலை இல்லை, கையால்தானே ஏற்றுகிறோம். வெடிமருந்து வாயுவில் இயங்கும் தானியங்கி உதையை இன்னும் மழுங்கடிக்கும் என்பது உண்மை. நான் பம்ப் ஆள், அதனால் தானியங்கி பற்றி ரொம்ப அளக்கமாட்டேன்.

சுவர் விஷயத்தில் கேஜ் பார்த்துப் பயனில்லை, எந்த பக்‌ஷாட்டும் ஜிப்சம் பலகைச் சுவரைத் தாண்டிப் போகும், சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள் என்று யோசித்துத்தான் நிற்கும் இடத்தையே முடிவு செய்ய வேண்டும். பறவை ரவை போட்டால் அந்த ஆபத்து குறையும், ஆனால் உடம்பிலும் ஆழமாக இறங்காது. குறி பார்க்கவே வேண்டாம், தானாகப் பரவிப் படும் என்பதெல்லாம் கதை, அறைத் தூரத்தில் சிதறல் ஒரு கைமுட்டி அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

16, 28 இரண்டும் வேட்டைக்காரர்களுக்கு, பக்‌ஷாட் தேடித்தான் பிடிக்க வேண்டும். .410ஐ "வீட்டில் சின்ன உருவம் உள்ளவர்களுக்கு" என்று கடையில் நீட்டுவார்கள். மூன்று அங்குலத் தோட்டாவில் 9 மி.மீ. பருமனில் ஐந்து குண்டுகள் என்பது சாதாரணம், உதை நிஜமாகவே குறைவு. ஆனால் குண்டு குறையக் குறையக் குறி துல்லியமாக இருக்க வேண்டும், பழக்கம் குறைந்தவரிடம் போய் அதைக் கொடுப்பது எனக்கு ஒட்டவில்லை. நான் .410 அதிகம் சுட்டவன் இல்லை, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

20 ஜெயிக்கிற இடமும் உண்டு. துப்பாக்கியை ஏந்தியபடி காத்திருக்க வேண்டிய சூழலில் அரைக் கிலோ குறைந்தாலும் கைக்குத் தெரியும், கை குட்டையானவர்களுக்கு ஏற்ற குட்டைக் கட்டை (தோளில் ஊன்றும் பின்பகுதி) வைத்த மாடல்களும் 20இல் சுலபமாகக் கிடைக்கும். ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்றவை இரண்டு கேஜிலும் வருவதால் ஒரே மாடலை இரண்டிலும் தோளில் வைத்துப் பார்த்துவிடலாம். வீட்டில் இன்னொருவரும் எடுக்க வேண்டியிருந்து, அவருக்கு 12இன் கனமே பிரச்சினை என்றால் நானும் 20தான் சொல்வேன். உதை குறைத்த 12 தோட்டா உங்கள் பக்கம் கிடைக்காது என்றாலும் அதே பதில்தான்.

ஆளுக்கு ஒன்று என்று இரண்டு கேஜும் ஒரே வீட்டில் வாங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 20 தோட்டா 12இன் தோட்டா அறைக்குள் (குழலின் பின்முனை) நழுவி, குழலில் கொஞ்ச தூரம் போய்ச் சிக்கிக்கொள்ளும். உள்ளே காலி என்று நினைத்து பின்னாலேயே 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் முகத்துக்குப் பக்கத்திலேயே குழல் வெடிக்கும். 20 தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான், ஆனால் இருட்டில் நிறம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.