ஏ தௌசண்ட் பெர்ஃபெக்ட் நோட்ஸ்: பியானோவை வெறுக்கும் பையன்

பதினோரு வருடமாக வீட்டில் கீபோர்டு வகுப்பு எடுக்கிறேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி, தப்பான கட்டையைத் தொட்டதும் தோளைக் காதுவரை தூக்கிக்கொள்வாள். நான் அவளைத் திட்டியதே இல்லை. யாருடைய கைக்குப் பயந்து அந்தத் தோள் எழும்புகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. சி.ஜி. ட்ரூஸ் 2018இல் எழுதிய இந்த ஆங்கில நாவலைப் படிக்கும்போது அவள் முகமே வந்து வந்து நின்றது.

கதை நாயகன் பெக்குக்குப் பதினைந்து வயது. அம்மா ஒரு காலத்தில் பெயர்பெற்ற பியானோ கலைஞர். கதை முழுக்க அவர் 'மேஸ்ட்ரோ'தான், அதாவது இசை மேதை. நோய் வந்து மேடை போய்விட, இழந்ததையெல்லாம் மகனின் விரல்களிலிருந்து அடித்துப் பிடுங்கப் பார்க்கிறார். பையனுக்கோ பியானோ என்றாலே வெறுப்பு. சொந்தமாக மெட்டுக் கட்டத்தான் ஆசை. அதை வாய்விட்டுச் சொன்னால் அடிதான் விழும்.

பியானோ இசையமைப்பாளர் ஷோபினின் எட்யூட்களை, அதாவது விரல் பயிற்சிக்கான இசைத் துண்டுகளை, அவன் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடங்களில் எனக்கே கை வலித்தது. ஓபஸ் 10 என்ற தொகுப்பின் முதல் எட்யூடை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையை விரித்து விரித்துக் கட்டைகளின் மேலும் கீழுமாக ஓட வேண்டும். கை இறுகினால் கொஞ்ச நேரத்தில் முன்கை கல்லாகிவிடும். 'தளர்த்து, தளர்த்து' என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்போம். அடிக்கக் காத்திருக்கும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்றால் எந்தக் கை தளரும்? அந்த அம்மா கேட்கும் சுத்தமான இசையை அந்த அம்மாவே வரவிடாமல் செய்கிறார்.

குட்டித் தங்கை ஜோயியை விட்டுவிட்டு ஓடவும் பெக்கால் முடியாது. அவளுக்காக அவன் பயப்படும் பக்கங்களில் அழுதுவிட்டேன். பள்ளியில் கட்டுரை வேலைக்குச் சேர்த்துவிடப்பட்ட ஆகஸ்ட் என்ற பெண்தான் அவன் வாழ்க்கைக்குள் சிரிப்பைக் கொண்டுவருகிறாள். அவளுக்கென்று ஒரு சங்கடம், ஒரு கோபம் இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம். சில இடங்களில் பெக்கின் காயத்துக்கு மருந்தாக மட்டுமே வந்துபோகிறாள்.

எளிய ஆங்கிலம்தான், பதினான்கு வயதுக்கு மேல் கொடுக்கலாம். அடி விழும் காட்சிகளை மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார். அப்படி வளர்ந்தவர்கள், பக்கத்தில் நம்பிக்கையான ஆள் இருக்கும்போது படியுங்கள்.

என் பிரதி இப்போது என்னிடம் இல்லை. அந்தப் பெண்ணை வகுப்புக்குக் கூட்டிவரும் அத்தையிடம் கொடுத்துவிட்டு, அவள் தோளைப் பற்றியும் சொன்னேன்.