மஞ்சக்குப்பத்தில் நம்பிக் கொடுக்கக்கூடிய பிரிண்டிங், பைண்டிங் கடை

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சமில்லை. வக்காலத்து, பத்திர நகல் என்றால் எங்கே கொடுத்தாலும் ஒன்றுதான். மங்கலான ஸ்கேன், பொடி எழுத்தில் அடிக்குறிப்பு, கட்டுக்கட்டாகப் பக்கம் என்று போனால்தான் கடையின் தரம் தெரியும். அக்காவும் தம்பியுமாக நடத்தும் இந்தச் சின்னக் கடைக்கு நான் கொண்டுபோனது அந்த மாதிரி வேலை.

பயங்கரவாத சந்தேகத்தில் பிடிபட்டவர்களை எப்படியெல்லாம் விசாரிக்கலாம் என்று அமெரிக்க நீதி அமைச்சகத்தின் வக்கீல்கள் எழுதிக்கொடுத்த சட்டக் கருத்துரைகள், கூடவே அந்நாட்டு உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் உள் கண்காணிப்பு அதிகாரி (இன்ஸ்பெக்டர் ஜெனரல்) அந்த விசாரணைகளைப் பற்றித் தந்த 2004 அறிக்கை. என் ஜூனியர்களுக்கு ஆளுக்கொரு பிரதி. செல்போனில் தள்ளித் தள்ளிப் படித்தால் இவை மனதில் நிற்காது. பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

முதல் கருத்துரை 2002 ஆகஸ்ட் 1 தேதியிட்டது, 50 பக்கம். ஜான் யூ வரைந்தது, ஜே பைபீ கையெழுத்திட்டது. உறுப்பு செயலிழப்பு, மரணம் போன்றவற்றோடு வரும் வலிக்கு ஈடான வலி இருந்தால்தான் அது சித்திரவதையாம். இந்த அளவுகோலை எங்கே பிடித்தார்கள் என்று பிரிவு எண்ணைத் தேடிப் போனால், மருத்துவச் சலுகை தருவதற்காக எது அவசர சிகிச்சை என்று சொல்லும் சட்டங்களில் போய் நிற்கிறது. அந்தப் பிரிவு எண்கள் இந்தப் பிரிண்டில் ஒவ்வொரு இலக்கமும் தெளிவாக விழுந்திருக்கின்றன. எனக்கு வேண்டியதே அதுதான்.

அதே தேதியிட்ட இரண்டாவது 18 பக்கம், சி.ஐ.ஏ. பிடித்து வைத்திருந்த அபு சுபைதா என்ற ஒரே ஆளுக்காக. சுவரில் மோத வைப்பது, பெட்டிக்குள் அடைத்துப் பூச்சியை விடுவது, பதினோரு நாள் வரை தூங்க விடாதது, முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றுவது. பத்து முறைகளும் சட்டப்படி சரி என்று பத்தி பத்தியாக, பதற்றமே இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். வயிறு கலங்குகிறது. அந்த மாதம் அவர்மீது 83 முறை தண்ணீர் ஊற்றியதை 2005 கருத்துரை ஒன்று சொல்கிறது.

அறிக்கையை அடிக்கும்போது அக்கா மிஷினை நிறுத்திவிட்டார். "சார், டிரம் போயிடுச்சு போல, பக்கம் பூரா கறுப்பா வருது. இதுக்குக் காசு வேணாம்." மூலத்திலேயே அப்படித்தான், அரசாங்கம் மறைத்தது என்று திரையில் காட்டினேன். என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். "நம்ம கம்மாபுரம் ஸ்டேஷன்ல நடந்த மாதிரியா சார்?" என்றார். 1993இல் நடந்த அந்தக் காவல் மரணத்தை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அங்கே அடித்த பிறகு மறைத்தார்கள் அக்கா, இங்கே அடிப்பதற்கு முன்பே வக்கீலிடம் எழுதி வாங்கிவிட்டார்கள் என்றேன். ஜூனியர்கள் இதைப் படித்தே ஆக வேண்டும் என்று நான் நிற்பது இதற்காகத்தான். நம் தொழிலின் கருவிகளை வைத்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள்.

அந்தக் கறுப்புப் பக்கங்களை அக்கா 80 ஜிஎஸ்எம் தாளில் அடித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஆறவிட்டு அடுக்கினார். ஒரு பிரதியில் ஸ்பைரல் சிறிதாகப் போய்ப் பக்கம் திரும்பவில்லை, சொன்னதும் மாற்றினார்கள்.

முதல் கருத்துரை 2004இல் வெளியே கசிந்து, திரும்பப் பெறப்பட்டது. தொழில் ஒழுக்கக் கேடு என்று அமைச்சகத்தின் சொந்த விசாரணையே சொன்னதை, 2010இல் மேலதிகாரி ஒருவர் 'மோசமான முடிவு' என்று குறைத்துவிட்டார். பைபீ 2003லேயே நீதிபதியாகிவிட்டார். யூ சட்டப் பேராசிரியர். ஜூனியர்கள் கொதித்தது இந்த இடத்தில்தான். கொதிக்கட்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட நம் நாடும் இன்னும் அதற்கு ஒப்புதல் தரவில்லையே.

கோர்ட் மதிய இடைவேளையில் போகாதீர்கள், கூட்டம் நெரியும். சாயங்காலம் போனால் பக்கம் பக்கமாகப் பார்த்து அடித்துத் தருவார்கள். அடுத்து, கைது செய்யும்போது போலீஸ் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சொன்ன 1996 டி.கே. பாசு தீர்ப்பையும், காவல் நிலையங்களில் கேமரா வைக்கச் சொன்ன 2020 தீர்ப்பையும் இங்கேதான் கொடுக்கப் போகிறேன்.