சாகச கேம்புக்: ஐந்தாவது தடவை செத்த பிறகும் கையில் எடுக்க வைப்பது எது

எந்த சாகச கேம்புக்கும் முதல் தடவை நன்றாகத்தான் இருக்கும். பாதாள அறை, பூதம், மந்திரவாதி, நடுவில் வாளோடு நாம். அதன் தரம் தெரிவது நாலைந்து தடவை செத்த பிறகு. மறுபடி 1ஆம் பத்தியைத் திறக்கக் கை வருகிறதா, புத்தகம் பரணுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. பரமபதத்தில் எல்லாம் எறிதல். ஆடுபுலி ஆட்டத்தில் எல்லாம் யோசனை. நல்ல கேம்புக் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் ஒரு விடுமுறைக்கு மேல் தாங்காது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கதை எண் போட்ட பத்திகளாக வெட்டிக் கலைத்து அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பத்தியைப் படித்து, ஒன்றைத் தேர்ந்து, அது சொல்லும் எண்ணுக்குப் போக வேண்டும். பகடையும் சண்டையும் சேர்ந்த வகையைப் பெரிதாகப் பரப்பியது 1982இல் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் இருவரும் எழுதிய ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’. அதில் 400 பத்திகள். பின்னால் வந்த பலவும் அந்த அளவையே பிடித்துக்கொண்டன.

பின்னட்டையில் எத்தனை முடிவுகள், எத்தனை கிளைகள் என்று போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். பார்க்க வேண்டியது தேர்வுக்கு முன்னால் துப்பு இருக்கிறதா என்பதை. “பாதை பிரிகிறது. இடமா, வலமா?” என்று மட்டும் கேட்டால் அது தேர்வே இல்லை, காசு சுண்டுவது. அதே இடத்தில், “இடப்பக்கமிருந்து கருப்பட்டி காய்ச்சும் வாடை வருகிறது, வலப்பக்க ஈரமணலில் ஒற்றைக் காலின் தடம் மட்டும் போகிறது” என்று எழுதியிருந்தால் ஆடுபவர் ஒரு நிமிஷம் நிற்பார். காய்ச்சுகிற இடத்தில் ஆள் இருக்கும், சாப்பாடு கிடைக்கும், ஆனால் விசாரிப்பார்கள். ஒற்றைக் கால் தடத்துக்கு விளக்கமே தேவையில்லை. வலப்பக்கம் போய்ச் செத்தாலும் கோபம் வராது, பார்த்துத்தானே போனோம்.

குழப்பு வழிகளுக்கும் இதுதான் அளவுகோல். ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரித் திருப்பம் என்று முப்பது பத்திகளை விழுங்கும் பாதாளங்கள் அலுப்பு. வழி தவறுவதற்கு நிலத்திலேயே காரணம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சொந்தமாக எழுதிப் பார்க்கும் பிள்ளைகள் நம் பக்கத்துத் தேரிக் காட்டை எடுத்துக்கொள்ளலாம். காற்று வீச வீசச் செம்மண் மேடு இடம் மாறும், நடந்த தடம் அழியும், பனைகள் மட்டும் அடையாளமாக நிற்கும். மூன்றாவது பனையில் வெட்டுக்குறி இருந்தது என்று முதலிலேயே ஒரு வரி சொல்லிவைத்தால் போதும். கவனித்தவர் வெளியே வருவார்.

அடுத்தது கணக்கு. பெரும்பாலான விமர்சனங்கள் தொடாத இடம் இது, ஆனால் புத்தகம் பிழைப்பதும் சாவதும் இங்கேதான். மேலே சொன்ன ஃபயர்டாப் மவுண்டன் முறையில் திறமை என்பது ஒரு பகடை கூட்டல் 6. உடல்வலு இரண்டு பகடை கூட்டல் 12. அதிர்ஷ்டம் ஒரு பகடை கூட்டல் 6. சண்டையில் இரு தரப்புக்கும் இரண்டிரண்டு பகடை எறிந்து அவரவர் திறமையைக் கூட்ட வேண்டும். குறைந்தவருக்கு உடல்வலுவில் 2 போகும், சமமானால் யாருக்கும் அடியில்லை. பார்க்க எளிது. ஆனால் திறமையில் 2 புள்ளி வித்தியாசம் என்பது சின்ன விஷயமில்லை: கூடுதலாக உள்ளவர் ஒரு சுற்றை ஜெயிக்கும் வாய்ப்பு 66 சதவீதம், தோற்பது 24 சதவீதம், மீதி சமம்.

எதிரியின் திறமை 9, உடல்வலு 10 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் திறமை 11 என்றால் அவனை வீழ்த்துவதற்குள் சராசரியாக 4 புள்ளிக்கும் குறைவாகவே இழப்பீர்கள். 7 என்றால் சராசரி இழப்பு 28 புள்ளிக்குப் பக்கத்தில் வரும். உடல்வலுவின் உச்சமே 24தான். ஆக, ஆட்டத்தின் முதல் ஒற்றை எறிதலிலேயே பாதி முடிவு எழுதியாயிற்று. தொடக்க எறிதல் மோசமானாலும் சரியான வழியில் போனால் தேறலாம் என்று முன்னுரைகள் சொல்லும். சண்டையைச் சுற்றிக்கொண்டு போக வழி வைத்த புத்தகங்களில் அது சரி. கட்டாயச் சண்டை மூன்று நாலு வைத்திருக்கும் புத்தகங்களில் அது வெறும் ஆறுதல். வீட்டில் செய்யக்கூடிய திருத்தம்: திறமைக்கு மட்டும் இரண்டு தடவை எறிந்து பெரியதை வைத்துக்கொள்வது, அல்லது எறியாமல் 10 என்றே தொடங்குவது. 12 கொடுத்துவிடாதீர்கள், சண்டையில் பதற்றமே இல்லாமல் போய்விடும்.

அதிர்ஷ்டத்தைச் செலவழிப்பதிலும் கணக்கு உண்டு. இரண்டு பகடையின் கூட்டு உங்கள் அதிர்ஷ்ட எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் தப்பித்தீர்கள். எப்படி விழுந்தாலும் ஒரு புள்ளி குறையும். 9 இருக்கும்போது 83 சதவீதம். இரண்டு தடவை சோதித்தால் 7, அதாவது 58 சதவீதம். இன்னும் இரண்டு தடவை போனால் 5, அதாவது 28 சதவீதம். சண்டையில் இதைப் பயன்படுத்துவதென்றால் அடி கொடுக்கும்போது பயன்படுத்துங்கள்: பலித்தால் எதிரிக்கு 2க்குப் பதில் 4 போகும், பலிக்காவிட்டால் 1. அடி வாங்கும்போது பயன்படுத்தினால் கிடைப்பதும் ஒன்று, போவதும் ஒன்று. 8க்குக் கீழே இறங்கிவிட்டால் சண்டையில் தொடவே வேண்டாம். கதை கட்டாயமாகக் கேட்கும் இடத்துக்கு மிச்சம் வையுங்கள்.

பகடை இல்லையே என்று வீட்டுத் தாயக்கட்டையை எடுப்பது நம் ஊரில் வழக்கம். செய்யக்கூடாது. இரண்டு கட்டையில் 16 சேர்க்கைகள். அதில் 3 விழ நான்கு வழி, 6 விழ ஒரே வழி, இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, நடுவில் 7 முதல் 11 வரை விழவே விழாது. அதிர்ஷ்டம் 7 உள்ளவர் பகடையில் 36க்கு 21 தடவை தப்பிப்பார். தாயக்கட்டையில் 16க்கு 15. சோதனை என்று பெயர்தான் இருக்கும். ஏணி-பாம்பு அட்டையோடு வரும் சின்னப் பிளாஸ்டிக் பகடை இரண்டு போதும்.

சில புத்தகங்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பகடைப் படம் அச்சிட்டிருக்கும். கண்ணை மூடிப் பக்கத்தைப் புரட்டி நிறுத்தினால் அதுவே எறிதல். பஸ்ஸில் ஆட வசதி. ஆனால் முதுகு விட்ட புத்தகம் விட்ட இடத்திலேயே திறக்கும். நாளடைவில் ஒரே எண்கள் வரத் தொடங்கும்.

1984இல் ஜோ டெவர் தொடங்கிய ‘லோன் வுல்ஃப்’ வரிசைக்குப் பகடையே வேண்டாம், 0 முதல் 9 வரை எண் போதும். அதற்கென்று உள்ள எண் கட்டத்தில் கண்மூடிப் பென்சிலை வைக்கச் சொல்வார்கள். கை எப்போதும் நடுவிலேயே இறங்கும். புக் கிரிக்கெட் மாதிரிப் பக்க எண்ணைப் பார்ப்பதும் சரிவராது, இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண்தான். பத்துத் துண்டுச் சீட்டில் எண் எழுதி டம்ளரில் குலுக்கி எடுப்பதே சுத்தம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறந்தால் கணக்கு கெடும்.

எழுதும் கருவிகளில் பலரும் சறுக்குவார்கள். புள்ளிகளைக் குறிக்கப் புத்தகத்திலேயே உள்ள சாகசத் தாளில் பேனா வைத்தால் அடுத்த ஆட்டத்துக்கு அந்தத் தாள் இல்லை. பென்சிலால் எழுதினாலும் உடல்வலுக் கட்டத்தை அழித்து அழித்துத் தாள் கிழியும். சிலேட்டும் குச்சியும் இதற்கு அளவெடுத்த மாதிரி. இல்லையென்றால் உடல்வலுவுக்குப் புளியமுத்து, அதிர்ஷ்டத்துக்குச் சோழி, சாப்பாட்டுக்குப் பொட்டுக்கடலை. (கடலையைக் கதையில் சாப்பிடும்போதே நிஜத்திலும் சாப்பிட்டுவிட்டால் கணக்கில் ஏமாற்ற முடியாது.) சிலேட்டின் மேல் மூலையில் இப்போது நிற்கும் பத்தி எண்ணை, சண்டை தொடங்கும் முன் எழுதுங்கள். ஒன்பது சுற்றுச் சண்டை முடிந்து, ‘எந்தப் பக்கத்தில் இருந்தோம்’ என்று தேடுவதுதான் இந்த விளையாட்டில் அதிகம் நடக்கும் விபத்து.

வரைபடத்துக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். திரும்பி வர வழி வைக்காத புத்தகங்களில் திசைப்படம் சீக்கிரமே ஒன்றோடொன்று முட்டும். வட்டத்துக்குள் பத்தி எண், அதிலிருந்து அம்புக்குறி, செத்த இடத்தில் பெருக்கல் குறி, பொருள் கிடைத்த இடத்தில் அடிக்கோடு என்று போடுவதே நிலைக்கும். அப்படி வரைந்தால் புத்தகத்தின் எலும்பும் தெரிந்துவிடும். விரிந்து விரிந்து போகும் கிளைகள் பத்துப் பதினைந்து பத்திக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடினால் நல்ல கட்டுமானம். தேவையான பொருள் கையில் இல்லாமலே கூடல் இடத்தைத் தாண்ட முடிந்து, அந்தப் பொருள் கடைசியில்தான் கேட்கப்படும் என்றால் மோசமான கட்டுமானம். ஃபயர்டாப் மலையில் மந்திரவாதியை வென்ற பிறகும் பெட்டியைத் திறக்கச் சரியான சாவிகள் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் அது சுவை, முதல் ஆட்டத்தில் எரிச்சல்.

சாவிகளில் எண்களைப் பொறித்து, “அந்த எண்களைக் கூட்டி வரும் பத்திக்குப் போ” என்று கேட்கும் உத்தி மட்டும் எத்தனை தடவை வந்தாலும் அலுக்காது. “சாவி இருக்கிறதா?” என்று கேட்டால் இருக்கிறது என்று பொய் சொல்லலாம், எண் தெரியாமல் பொய் சொல்ல முடியாது. மற்ற இடங்களில் விரலைப் பழைய பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பதை எல்லோரும் செய்வார்கள். ஒரு விரல் வரை மன்னிக்கலாம். மூன்று விரல் போனால் புத்தகம் சொத்தை என்று பொருள். ஆடுபவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கூட்டாக ஆடினால் ஆங்கிலப் புத்தகத்தின் மொழித் தடையும் பாதி தீரும். ஒருவர் படித்துத் தமிழில் சொல்ல, ஒருவர் சிலேட்டு, ஒருவர் வரைபடம், கடைக்குட்டி கையில் பகடை. நான்கு பேருக்கு மேல் வேண்டாம். தேர்வுக்குத் தேர்வு பஞ்சாயத்தாகிவிடும். படிப்பவர் அடுத்த பத்தியின் எண்ணை உரக்கச் சொல்லக் கூடாது. சொன்னால் “ஏலே, அந்த நம்பருக்குப் போவாத, போன தடவ அங்க வச்சுதானல செத்தோம்” என்று வரைபடக்காரர் குதிப்பார், ஆட்டம் நினைவாற்றல் போட்டியாகும்.

காசு போடும் முன் ருசி பார்க்க வேண்டுமென்றால், ‘லோன் வுல்ஃப்’ புத்தகங்கள் பலவற்றை ஆசிரியரின் சம்மதத்தோடு ‘ப்ராஜெக்ட் ஏயான்’ தளத்தில் இலவசமாகவே ஆடலாம். வீரனின் தனித்திறன்களான பத்துக் கலைகளில் ஐந்தைத் தேர்ந்து தொடங்கி, தேறிய வீரனை அடுத்த புத்தகத்துக்கும் கொண்டுபோகலாம். ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கலை கூடும். நீண்ட நாள் ஆட இதைவிடப் பெரிய தூண்டுதல் இல்லை. செல்போன் செயலிகளில் பகடையும் கணக்கும் தானாக நடக்கும், வேகம் உண்டு. வரைபடம் போடும் பழக்கம்தான் போய்விடும்.

பழைய புத்தகமாக வாங்கினால், பாளையங்கோட்டை புத்தகத் திருவிழாவின் ஆங்கிலக் குவியலானாலும் சரி, பழைய புத்தகக் கடையானாலும் சரி, மூன்று இடம் பாருங்கள். சாகசத் தாளில் பேனா எழுத்து, நடுமுதுகில் பசை வெடிப்பு, கடைசித் தாள். நம் கோடையில் பசை காய்ந்து தாள் தாளாக உதிரும்; வாங்கியதும் இரு ஓரங்களிலிருந்தும் பத்துப் பத்துத் தாளாக மெதுவாக விரித்துப் பழக்கினால் முதுகு நாள்படத் தாங்கும். நடுவில் ஒரு தாள் இல்லையென்றால்கூட வேறு வழியில் போய் ஆடலாம். வெற்றி முடிவு வரும் 400ஆம் பத்தி உள்ள தாள் இல்லையென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.