பேராதனைக்கு வேன் பிடிப்பவர்கள் கவனத்துக்கு

மகளுக்குக் கண்டிக்குக் கிட்ட இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் கிடைத்த செய்தி வந்த அன்றே அப்பா சொல்லிவிட்டார், பதிவுக்கு முன்னம் ஒருநாள் எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று. 1969இல் அங்கே அருணாசலம் விடுதியில் பெட்டியை வைத்த மனிதர் அவர். கனடாவிலிருந்து மச்சாள் குடும்பமும் வந்து நின்றது. பெரியவர் சின்னவர் என்று பதினொரு பேர். மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டால் இரவே திரும்பலாம் என்ற கணக்கில் வேன் பிடித்தோம்.

போய்வர 45,000 ரூபா, டீசலும் அதற்குள். முற்பணம் 15,000. எல்லாம் தொலைபேசிப் பேச்சு, எழுத்தில் ஒரு வரி இல்லை. பேசியவர் ஒருவர், வண்டியோடு வந்தவர் வேறொருவர். படத்தில் காட்டியது புதுக் கே.டி.எச். வேன், வாசலில் வந்து நின்றது கிழட்டு டொல்பின் வேன். "அந்த வண்டி கராஜில நிக்குது அக்கா" என்றார் சாரதி. நித்திரைப் பிள்ளைகளையும் புட்டுப் பார்சல்களையும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் யார் சண்டை பிடிப்பது? ஏறிவிட்டோம்.

கண்டிக்கு எங்களுக்குக் கிட்டிய பாதை, செங்கலடியில் இடப்பக்கம் திரும்பி மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று போய்ப் பதினெட்டு வளைவு மலைப்பாதையால் ஏறுவது. எங்கள் வேன் திரும்பவில்லை. நேரே வாழைச்சேனைப் பக்கம் ஓடியது. முன் சீற்றில் இருந்த அப்பாதான் முதலில் கண்டார்.

"தம்பி, சந்தியை விட்டுட்டீங்க."

"இல்ல ஐயா, வளைவுல மண் சரிஞ்சு கிடக்காம். தம்புள்ளையால போவம்."

மழைக்காலம்கூட இல்லை. ஆனாலும் ரோட்டைப் பற்றிச் சாரதி சொன்னால் நம்பத்தானே வேண்டியிருக்கிறது. பிறகு விசாரித்தேன். அன்று காலை பஸ்கள் மகியங்கனையால்தான் போயிருக்கின்றன.

தம்புள்ளையால் ஏன் வந்தோம் என்பது மாத்தளைக்குக் கிட்ட விளங்கியது. ரோட்டோரத்தில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம். "அஞ்சு நிமிஷம் அக்கா. வோஷ்ரூம் சுத்தமா இருக்கு, பிள்ளைகள் மிளகுக்கொடியும் பாக்கட்டும்." சரி என்று இறங்கினோம். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், நல்ல தமிழில், "வாங்க அம்மா" என்று கும்பிட்டார். கொக்கோ, வனிலா, சாதிக்காய் மரங்களை உண்மையாகவே நன்றாக விளங்கப்படுத்தினார், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு மூலிகைத் தேநீர் தந்து கொட்டிலில் இருத்தினார்கள். அப்பாவின் முழங்காலில் ஒரு சிவப்பு எண்ணெய், மச்சாளின் தோளில் இன்னொன்று. மைத்துனரின் கை மயிரில் ஏதோ களிம்பைத் தடவித் துடைத்தார்கள், மயிர் போய்விட்டது! பிள்ளைகள் கைதட்டினார்கள். இலவசம் என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லாம். உருவிவிட்ட பையன்கள் மட்டும் கையை நீட்டியபடி நின்றார்கள்.

அங்கிருந்து வெளியே வரும் வழி கடைக்குள்ளால்தான். நோய்களின் பெயர்களும் அவற்றுக்கான மருந்தின் இலக்கங்களும் போட்ட ஒரு தாளைக் கையில் தருகிறார்கள், விலை அதில் இல்லை. காசு கட்டும் இடத்தில்தான் விலை தெரியும். முழங்கால் எண்ணெய் 6,500. மொத்தம் 31,000. இவ்வளவு நேரம் உருவிவிட்டவர்கள் சுற்றி நிற்க, "வேண்டாம்" என்று சொல்ல மச்சாளுக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான். பற்றுச்சீட்டுத் துண்டு கேட்டேன். கிழித்த தாளில் கூட்டுத்தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள், கடையின் பெயர்கூட இல்லை. மைத்துனரின் மகன் வேனடிக்கு முதலே ஓடிப்போனவன், "அங்கிளுக்கு என்வெலப் குடுத்தாங்க" என்று வந்து சொன்னான். அஞ்சு நிமிஷம் என்றது இரண்டே கால் மணித்தியாலம் ஆகியிருந்தது.

இதற்குப் பிறகு மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலால் போகையில் ஒரு கற்பூரம் கொளுத்த நிறுத்தச் சொன்னோம். நேரமில்லையாம்! கண்டிக்குள் ஒரு மாணிக்கக்கல் கடை முன்னால் நிறுத்த மட்டும் நேரம் இருந்தது. நாங்கள் இறங்க மாட்டோம் என்று இருந்துவிட்டோம். அவர் மட்டும் உள்ளே போய் அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றார்.

பேராதனைக்கு வர மூன்றரை தாண்டிவிட்டது. 1821இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் வேலியை மட்டும் கண்டோம். நாலரைக்கு வெளிக்கிட வேண்டும், இருட்டினால் ஹபறணைப் பக்கம் யானை என்று சாரதி அவசரப்படுத்தினார். யானை வருவது உண்மைதான். அந்தப் பாதையால் வந்ததே அவரால்தானே.

கலகா வீதியால் வளாகத்துக்குள் போகும்போது அப்பா எல்லாவற்றையும் கண்ணாடிக்குள்ளால் காட்டினார். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி 1952இல் இங்கே வந்தது, ஐவர் ஜெனிங்ஸ்தான் முதல் உபவேந்தர், அக்பர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பொறியியல் பீடம், இந்தா திறந்தவெளி அரங்கு என்று மூச்சு விடாமல். செனற் கட்டடத்தின் முன்னால் இறங்கி ஒரு படம் எடுத்தோம். அவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஏற நினைத்தது ஹந்தானைச் சரிவில் இருக்கும் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு. "இன்னொரு நாளைக்குப் பாப்பம் புள்ள" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். திரும்பி வரும் வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை.

நடுச்சாமம் கழிந்து வீட்டு வாசலில் கணக்குப் பார்த்தால், தம்புள்ளையால் கூடச் சுற்றிய கிலோமீட்டருக்கு 7,000 தரவேண்டுமாம். பாதையை மாற்றியது அவர், காசு எங்களுடையது. வேன் பேசியவருக்கு அடித்தேன். "அதை சாரதியோட பேசுங்க" என்று வைத்துவிட்டார். கத்தி, அயலைக் கூட்டி, கடைசியில் 3,000 கொடுத்து அனுப்பினோம்.

வேன் பிடிக்கிறவர்கள் எந்தப் பாதை, எங்கே எங்கே நிறுத்துவது, மொத்தக் காசு எவ்வளவு என்பதை வட்ஸ்அப்பில் எழுதி, "ஓம்" என்று பதில் வந்த பிறகு முற்பணத்தைப் போடுங்கள். வருகிற வண்டியின் இலக்கத்தையும் முதல் நாளே கேளுங்கள். தோட்டத்தில் இறங்கினாலும் கொட்டிலில் இருக்காதீர்கள், இருந்தால் எழும்புவது கஷ்டம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. நான் யாருடைய பெயரையும் இங்கே போடாததற்குக் காரணமும் அந்தத் துண்டுதான். என் கையில் இருப்பது வெறும் கூட்டுத்தொகை.

பதிவு நாளன்று மகளும் நானும் அப்பாவும் பஸ்ஸில் போனோம், மகியங்கனையால். வளைவுகளை அப்பா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தார். குமரனிடம் ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று முழங்காலைத் தடவினார். எண்ணெய் கொண்டு வந்தீங்களா என்று கேட்டேன். அது பூசினால் கடிக்கிறதாம், வீட்டுக் கேற் கீல் கிறீச்சிடாமல் இருக்க ஊற்றிவிட்டாராம்.