ஸ்ரீசிட்டி, காட்பாடி, பொன்னேரி: எல்லையோரப் பிள்ளைகள் எங்கே சேரலாம்?

கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருத்தணி, காட்பாடி வட்டாரத்தில் பிளஸ் டூ முடிப்பவர்களுக்கு மூன்று வகை வாசல்கள் திறந்திருக்கின்றன. ஆந்திரப் பக்கம் ஸ்ரீசிட்டியில் கிரியா போன்ற சிறிய தனியார் பல்கலைக்கழகம், காட்பாடியில் விஐடி போன்ற பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி. தரவரிசைப் பட்டியலை வைத்து இந்த மூன்றையும் எடைபோடுவது வீண் வேலை. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதிலிருந்துதான் மற்ற எல்லா வேறுபாடும் பிறக்கிறது.

கிரியா 2018இல் ஆந்திர மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 1970இல் சென்னையில் தொடங்கிய ஐஎஃப்எம்ஆர் மேலாண்மைப் பள்ளி இப்போது இதன் ஓர் அங்கம். இளநிலை மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கிறார்கள். முதல் ஆண்டில் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள். முதன்மைப் பாடத்தை அதன் பிறகுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினேழு வயதில் பொருளாதாரமா உயிரியலா என்று முடிவு செய்ய முடியாத பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. ஆசிரியருக்கு ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லித் தெரியும், எழுதிய கட்டுரை திருத்தங்களோடு கைக்குத் திரும்பி வரும்.

சிக்கலும் அதே சிறிய அளவில்தான் இருக்கிறது. ஒரு துறையில் ஆசிரியர்கள் சிலரே என்றால், ஒருவர் ஆய்வு விடுப்பில் போனாலோ வேலையை விட்டாலோ அவர் நடத்திய விருப்பப் பாடம் அந்த ஆண்டு கிடையாது. போதிய பேர் பதியாத பாடமும் நின்றுபோகலாம். அதனால் கையேட்டில் அச்சாகியிருக்கும் பாடப் பட்டியலை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய துறையில் கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் நடந்த வகுப்புகளின் கால அட்டவணையைக் கேளுங்கள். சிறிய பல்கலைக்கழகம் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வேலைவாய்ப்பு விவரமெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, கிரியாவில் ஆண்டுக்கு மூன்று பருவங்கள். பருவம் குறுகியது என்பதால் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தாலே வாசிப்பும் கட்டுரைகளும் மலையாகக் குவிந்துவிடும். தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளை முதல் பருவத்தில் திணறுவது அறிவுக் குறைவால் அல்ல, வாரந்தோறும் ஆங்கிலத்தில் நீளமாக எழுதிப் பழக்கம் இல்லாததால். எழுத்துப் பயிற்சிக்குத் தனி உதவி உண்டா, எந்த நேரத்தில் கிடைக்கும் என்று சேரும் முன்பே கேட்டு வையுங்கள்.

விஐடி 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் நிகர்நிலை ஆனது. ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை, நல்ல ஆசிரியரின் வகுப்பில் இடம் பிடிப்பதுதான் போட்டி. எஃப்எஃப்சிஎஸ் முறையில் பாடம், நேரம், ஆசிரியர் மூன்றையும் மாணவரே இணையத்தில் பதிய வேண்டும். பேர் பெற்ற ஆசிரியரின் வகுப்பு சீக்கிரமே நிரம்பிவிடும். ஒரே ஒரு அட்டவணையைப் போட்டுக்கொண்டு உட்காருபவர்தான் மாட்டிக்கொள்கிறார். மாற்று ஆசிரியர்களோடு இரண்டு மூன்று அட்டவணைகள் கைவசம் இருக்க வேண்டும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பொதுவாக இறுதித் தேர்வான ஃபேட் எழுத முடியாது.

பொன்னேரி வகைக் கல்லூரியின் பலம் செலவில் இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு, பஸ் பாஸ் உண்டு, சாப்பாடு வீட்டில். வகுப்பில் கூட்டம் அதிகம், ஆய்வகத்தில் கருவியைத் தொடக் காத்திருக்க வேண்டும். ஆனால் அரசு வேலையைக் குறிவைக்கும் பிள்ளைக்கு இங்கே ஒரு பெரிய லாபம் இருக்கிறது: தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு. பட்டப்படிப்புத் தகுதியுள்ள பதவிக்கு, பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் வந்த பிள்ளை ஆங்கிலவழிப் பட்டம் வாங்கினால் அந்த உரிமை போய்விடும். இரண்டு பாடங்கள் கலந்த பெயருள்ள பட்டங்களுக்கு டிஎன்பிஎஸ்சியிலும் பி.எட். சேர்க்கையிலும் இணைத்தன்மை, அதாவது வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்பதற்கான சான்று, கேட்கப்படலாம். பட்டச் சான்றிதழில் முதன்மைப் பாடத்தின் பெயர் எப்படி அச்சாகும் என்பதை முன்கூட்டியே பாருங்கள்.

நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஆந்திரச் சாதிச் சான்றிதழைக் கொண்டு தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டைப் பெற முடியாது. பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும்.

தங்கல் வாழ்க்கையில் வேறுபாடு இன்னும் கூர்மை. காட்பாடியில் வளாக வாசலைத் தாண்டினால் ஊர்: உணவகம், ஜெராக்ஸ் கடை, சந்திப்பு ரயில் நிலையம், அவசரமென்றால் வேலூர் சிஎம்சி மருத்துவமனை. ஸ்ரீசிட்டியோ தொழில் நகரம். இசுசு கார், அல்ஸ்டாம் மெட்ரோ பெட்டி, மாண்டலீஸ் சாக்லேட் ஆலைகள் இருக்கும் இடத்தில் மாலை நடந்துபோய் டீ குடிக்கத் தெரு கிடையாது. அதனால் விழா, விளையாட்டு, நட்பு எல்லாம் வளாகத்துக்குள்ளேயே நடக்கின்றன. சிறிய கூட்டம் என்பதால் யார் வேண்டுமானாலும் நாடகக் குழுவிலோ கால்பந்து அணியிலோ சேர்ந்துவிடலாம். மனஸ்தாபம் வந்தால் முகம் கொடுக்காமல் ஒதுங்கவும் இடமில்லை. இரவில் செவிலியர் இருக்கிறாரா, ஆம்புலன்ஸ் எந்த மருத்துவமனைக்குப் போகும், மனநல ஆலோசகர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று நேரில் விசாரியுங்கள்.

ஸ்ரீசிட்டிக்கு ரயிலில் போய்வர தடா நிலையம்தான் வழி. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை மின்ரயில்கள் அடிக்கடி உண்டு. எளாவூர், ஆரம்பாக்கம், தடா தாண்டி சூலூர்பேட்டை போகும் வண்டிகள் குறைவு. அதைத் தவறவிட்டால் கும்மிடிப்பூண்டியில் இறங்கி நெடுஞ்சாலையில் பஸ் பிடிக்க வேண்டும்.

பணம். தங்கிப் படிக்கும் தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்குப் பல லட்சம் ஆகும், அதுவும் ஆனர்ஸ் என்றால் நான்கு ஆண்டு. வழக்கமான கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொந்தப் பங்கு கேட்பதில்லை; அதற்கு மேல் 5 சதவீதம் நாம் போட வேண்டும், 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். உதவித்தொகை தருகிறோம் என்றால் அது எல்லா ஆண்டுக்குமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும், விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு இடங்களுக்கானது; அதைக் கணக்கில் சேர்த்து ஸ்ரீசிட்டிக்கோ விஐடிக்கோ வரவுசெலவு போடாதீர்கள்.

இடம் மாற நினைப்பவர்கள் தேதியைக் கவனியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் கட்டணம் முழுதும் திரும்ப வேண்டும். நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். கடைசி நாளுக்கு 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது விலகினால் 90, கடைசி நாள் கடந்து 15 நாள் வரை 80, 16ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை 50 சதவீதம் திரும்பும். அப்புறம் ஒன்றும் வராது. சரிபார்த்ததும் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் உள்ளது. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பிய நாள் தெரிய நகல் வைத்துக்கொள்ளுங்கள்.