ஹம்மை எடுக்கிறேன் என்று சத்தத்தையே எடுத்தார்கள்: கிட்டாரை வேலைக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

எலக்ட்ரிக் கிட்டாரில் ஹம் என்ற இரைச்சலை நீக்க ஒரு கடையில் கொடுத்து 6,500 ரூபாய் ஏமாந்திருக்கிறேன். பணம் போனதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். அதே கடைக்காரர் சொன்ன யோசனையால் மேடையில் ஷாக் அடித்தது.

பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் எட்டு வருடமாக வாசிக்கிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் வந்த விலை குறைந்த கிட்டார். ஸ்ட்ரிங்கின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப் மூன்று (சிங்கிள் காயில் வகை), எது வேலை செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஐந்து நிலை ஸ்விட்ச். சர்ச்சில் இன்னும் பழைய சோக் வைத்த ட்யூப்லைட்தான். அவற்றைப் போட்டதும் ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபையர்) 'ம்ம்ம்' என்று இரைச்சல் கிளம்பும். எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அது மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய வேதனை.

சென்னைக்குப் போனபோது, பலர் நல்லபடியாகச் சொன்ன ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். "நடு பிக்கப்பை எடுத்துட்டு ரிவர்ஸ் வவுண்ட் பிக்கப் போட்டுடறேன் பிரதர், இரைச்சலைத் தடுக்க உள்ளே ஃபுல்லா காப்பர் தகடு ஒட்டி ஷீல்டிங். ஹம்முங்கற பேச்சே இருக்காது" என்றார். பில்லில் புது பிக்கப் 2,800, ஷீல்டிங் 1,700, கூலி 2,000.

'ஹம்முங்கற பேச்சே இருக்காது' என்று சொன்னபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்பு ஒயர். ஸ்ட்ரிங் அசைவதையும் பிடிக்கும், பக்கத்தில் இருக்கும் சோக், டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பிடிக்கும். தனியாக ஒரு பிக்கப் மட்டும் வேலை செய்யும் 1, 3, 5ஆம் நிலைகளில் எந்த ஒயரிங் மாற்றமும் இதை நிறுத்தாது. இரண்டு பிக்கப் சேரும் 2, 4ஆம் நிலைகளில்தான் நிறுத்த முடியும். அதற்கு நடு பிக்கப்பில் ஒயர் சுற்றியிருக்கும் திசையும் எதிராக இருக்க வேண்டும், காந்தமும் தலைகீழாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஹம்முக்குச் சுற்றின் திசை மட்டுமே கணக்கு, ஆகவே ஒன்றை மற்றொன்று அடித்துவிடும். ஸ்ட்ரிங்கின் ஓசையோ சுற்றால் ஒரு தடவை, காந்தத்தால் ஒரு தடவை என்று இரண்டு முறை புரண்டு நேராகிவிடும். இதில் தொழில் ரகசியம் எதுவும் கிடையாது. இரண்டு காயிலை ஒரே பிக்கப்பில் வைத்து இதைச் செய்யும் ஹம்பக்கருக்கு, கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்.

வாங்கப் போன அன்று, ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைப் போட்டு, ஸ்விட்சை 2ல் வைத்து வாசித்துக் காட்டினார். ஹம் இல்லை. சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன்.

வீட்டில் பெடல் இல்லாமல் வாசித்தபோதுதான் தெரிந்தது. 2லும் 4லும் ஹம்மோடு சத்தமும் போயிருந்தது. பேஸ் சுத்தமாக இல்லை, தகர டப்பாவுக்குள்ளிருந்து ரேடியோ பாடுவது மாதிரி மூக்கடைத்த ஓசை. மற்ற மூன்று நிலைகளிலும் பழைய இரைச்சல் அப்படியே. போன் செய்தேன். "உங்க சர்ச் கரண்ட்தான் பிரச்சினை பிரதர். ஆம்ப் பிளக்ல எர்த்தை விட்டுட்டு டூ-பின் போடுங்க, சரியாயிடும்."

போட்டேன். சனிக்கிழமை ப்ராக்டிஸில் கை ஸ்ட்ரிங் மேல் இருக்க, பாட மைக்கில் வாய் வைத்தேன். உதட்டில் சுள்ளென்று அடித்தது. சர்ச் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "எவம்ல எர்த்த எடுக்கச் சொன்னது? உயிரோட விளையாடுதியா?" என்று சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயம். கிட்டாரின் ஸ்ட்ரிங்குகள் ஒயர் வழியாக ஆம்பின் உடலோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்பில் கசியும் கரண்ட் அப்படியே நம் விரலுக்கு வரும், எர்த் உள்ள மைக்கை உதடு தொட்டதும் நம் உடம்பு வழியாக இறங்கும். ஆம்புக்குள் ஏதாவது பழுதாகி லைன் ஒயர் நேராக ஆம்பின் உடலைத் தொட்டிருந்தால் நான் இன்று இல்லை. 1972ல் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். அங்கே கோளாறு மைக் பக்கம், எனக்கு ஆம்ப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். யார் சொன்னாலும் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள்.

அன்று ராத்திரியே முன்தட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். நடுவில் இருந்தது என் பழைய பிக்கப்தான், முன்பு நான் கழற்றியபோது அடியில் விழுந்த கீறல்கூட அப்படியே இருந்தது. வெள்ளை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இடம் மாற்றிச் சால்டர் வைத்திருந்தார், வேறொன்றும் செய்யவில்லை. மகளின் அறிவியல் பெட்டியிலிருந்த திசைகாட்டியை மூன்று பிக்கப்புக்கும் மேலே கொண்டுபோனேன். மூன்றிலும் முள்ளின் ஒரே முனைதான் திரும்பியது. உண்மையான ரிவர்ஸ் பிக்கப் என்றால் நடுவில் மறுமுனை திரும்பியிருக்கும். ஒயரை இடம் மாற்றுவது சுற்றின் திசையை மாற்றுவதற்குச் சமம்; அதை மட்டும் செய்து காந்தத்தை விட்டால் ஹம்மோடு ஸ்ட்ரிங்கின் ஓசையும் அடிபட்டுப்போகும். அதை மறைக்கத்தான் டிஸ்டார்ஷன்.

காப்பர் ஷீல்டிங் என்று எழுதிய இடத்தில் சப்பாத்தி சுற்றும் அலுமினிய ஃபாயில். கிரவுண்டுக்கு ஒரு ஒயர்கூட இல்லை, மீட்டர் வைத்தால் பீப் வரவில்லை. ஒழுங்காகச் செய்த காப்பர் ஷீல்டிங்கே ஃபேன் ரெகுலேட்டர் தரும் 'கிர்ர்' போன்ற இரைச்சலைத்தான் குறைக்கும், டிரான்ஸ்ஃபார்மர் ஹம்மை அல்ல.

எனக்கு ஆறாதது இதுதான். என் பிக்கப்பின் அடியில் ஒட்டியிருப்பது ஒரே ஒரு செராமிக் காந்தப் பட்டை. ஒயரைத்தான் ஏற்கெனவே மாற்றியிருந்தாரே, அந்தப் பட்டையையும் பெயர்த்துத் திருப்பி ஒட்டியிருந்தால் வேலை முழுமையாகியிருக்கும். நானும் அண்ணாச்சியும் அரை மணி நேரத்தில் செய்தோம். 2ம் 4ம் இப்போது ஹம் இல்லாமல், கனமான ஓசையோடு இருக்கின்றன.

போட்டோக்களை அனுப்பினேன். "ஒவ்வொருத்தர் காதுக்கும் டோன் மாறும் பிரதர்" என்று பதில் வந்தது, பிறகு போனை எடுக்கவில்லை. பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். எந்தக் கடையில் கொடுத்தாலும் கழற்றிய பழைய பிக்கப்பைக் கையில் கேட்டு வாங்குங்கள். பெடல் இல்லாமல் ஐந்து நிலையிலும் நீங்களே வாசித்துப் பாருங்கள். பையில் ஒரு சின்ன திசைகாட்டி இருக்கட்டும்.

டூ-பின் பிளக்கை அண்ணாச்சி என் கண் முன்னாலேயே உடைத்துப் போட்டார். 1, 3, 5ல் ஹம் இன்னும் இருக்கிறது. ஜெப நேரத்தில் ட்யூப்லைட்டுக்குக் குறுக்காகக் கொஞ்சம் திரும்பி நிற்கிறேன், பாதி அடங்கிவிடுகிறது.