துண்டு வீடியோவை ஒட்ட எஃப்எஃப்எம்பெக் போதுமா, ஸ்கிரிப்ட் வேண்டுமா?

இணையத்தில் பல வீடியோக்கள் சிறு துண்டுகளாகத்தான் வரும், அந்தத் துண்டுகளின் பட்டியல்தான் எம்3யூ8 கோப்பு. அதன் முகவரியைக் கொடுத்து, கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) 'காப்பி' என்று சொன்னால், வீடியோவைக் கையாளும் நிரலான எஃப்எஃப்எம்பெக் தானே இறக்கி ஒட்டித் தந்துவிடும். மறு என்கோடிங் (மறுபடி சுருக்குவது) இல்லை, தரமும் குறையாது. பத்து நிமிட வீடியோவுக்கு இதற்கு மேல் மெனக்கெடத் தேவையில்லை.

மூன்று மணி நேரப் பதிவில்தான் குட்டு வெளிப்படும். இணைப்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். அதைவிட மோசம், ஒரு துண்டு கிடைக்காவிட்டால் லாகில் (செயல்பாட்டுக் குறிப்பில்) ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். படம் ஓடும், நடுவில் சில நொடிகள் இருக்காது.

கர்ல் (இறக்கும் கருவி), கேட் (கோப்புகளை ஒட்டும் கருவி) இரண்டையும் வைத்து எழுதும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் கோப்பு) இந்த இடத்தில் கைகொடுக்கிறது. எம்3யூ8 கோப்பில் '#' இல்லாமல் தொடங்கும் வரிகள்தான் துண்டுகளின் முகவரிகள். ஒவ்வொன்றையும் தற்காலிகப் பெயரில் இறக்கி, முழுதாக வந்தபின் பெயர் மாற்றுங்கள். அப்போதுதான் அடுத்த முறை, இருக்கும் கோப்பைத் தாண்டும்போது அரைகுறையானது சிக்காது. பெயர் 00001 என ஐந்து இலக்கத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் கேட் 10-ஐ 2-க்கு முன்னால் ஒட்டிவிடும்.

கர்லுக்கு '--ஃபெயில்' கொடுக்க மறந்தால் 404 பிழைப் பக்கத்தையே துண்டு என்று சேமித்து வைக்கும். கண்டுபிடிக்க வழி உண்டு: துண்டு டிஎஸ் என்ற வகைக் கோப்பு என்றால், அது 188 பைட் பாக்கெட்டுகளால் ஆனது. அளவு 188-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும், முதல் பைட் ஹெக்ஸில் 47 ஆக இருக்க வேண்டும். ஏஇஎஸ்-128 பூட்டு (சாவி கொண்டு திறக்கும் குறியாக்கம்) இருந்தால் திறந்த பிறகுதான் இந்தக் கணக்கு பொருந்தும். (நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு வேறு சங்கதி, அதற்கு இந்த வழி உதவாது.)

துண்டுகள் எம்பி4 வகை என்றால் 'எக்ஸ்ட்-எக்ஸ்-மேப்' வரியில் உள்ள தொடக்கக் கோப்பு முதலில் வர வேண்டும். அந்த வரி '#' போட்டுத் தொடங்குவதால் மேலே சொன்ன வடிகட்டலில் விடுபட்டுவிடும். பிளேயர் திறக்க மறுத்தால் முதலில் இதைப் பாருங்கள். தொடர்ச்சி அறுவதைச் சொல்லும் 'டிஸ்கன்டினியுட்டி' வரி வந்தால் நேர முத்திரை மாறலாம். அங்கே கேட் வேண்டாம், பகுதி பகுதியாக ஒட்டி எஃப்எஃப்எம்பெக்கின் ஒட்டும் வசதியான கான்கேட்டிடம் விடுங்கள்.

எழுதப் பொறுமையில்லையா, வீடியோ இறக்கும் நிரலான ஒய்டி-டிஎல்பி இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும், கேட்டால் பல துண்டுகளை ஒரே நேரத்தில் இழுக்கும். ஆனால் இயல்பில் அதுவும் கிடைக்காத துண்டைத் தாண்டித்தான் போகும். '--அபார்ட்-ஆன்-அன்அவைலபிள்-ஃப்ராக்மென்ட்ஸ்' கொடுத்தால்தான் நிற்கும்.